குரல் தெளிவாகக் கேட்கிற சவுண்ட்பார்

உலகநாதனைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் இல்லை. நான் அவருக்குச் சொந்தமும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஷோரூமில், டிவி பிரிவில் நிற்கிறவள். அவர் என்னிடம் ஒரு சவுண்ட்பார், டிவிக்கு அடியில் வைக்கிற நீள ஸ்பீக்கர், வாங்கினார். அதற்காக நாலு முறை வந்தார். அந்த நாலில் மூன்றாவது முறை நான் அவரிடம் ஒரு பொய் சொன்னேன். அது என்னை விடமாட்டேன் என்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

என் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேடு. எங்கள் குப்பத்தில் யாரும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய ஜனங்கள், சோறு போடும்போதும் அதே தொண்டையில்தான் பேசுவார்கள். ஷோரூமில் சேர்ந்த நாளிலிருந்து மேனேஜர் லக்ஷ்மிநாராயணன், "வினிதா, இது மீன் ஏலம் இல்ல, கொஞ்சம் அடக்கி வாசிம்மா" என்று தினம் ஒரு தடவை சொல்லிவிடுவார். நானும் தினம் ஒரு தடவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

அதனால் உலகநாதன் முதல் முறை வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். ஒடிசலான ஆள், கம்பெனி சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. வாசலில் நின்ற இரண்டு சேல்ஸ்மேன்களிடம் ஏதோ கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னதை முழுசாகக் காதில் வாங்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"நீ பேசுறதுதாம்மா புரியுது. அவங்க வாய்க்குள்ளயே முணுமுணுத்துகினு கீறாங்க" என்றார்.

நான் மேனேஜரை ஒரு பார்வை பார்த்தேன்.

அவருக்கு வேண்டியது சாதாரண விஷயம். டிவியில் பாட்டு கேட்கிறது, சண்டை கேட்கிறது, பேச்சு மட்டும் புரியவில்லை. வீட்டில் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி, மனைவி வச்சலாவுக்குத் தலைவலி. பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டுகிறார்கள். இதை வாரத்துக்குப் பத்து பேர் வந்து சொல்வார்கள். இப்போது வருகிற டிவி எல்லாம் அட்டை மாதிரி மெலிசு. ஸ்பீக்கரை முதுகுப் பக்கம் வைத்துவிடுகிறான், அது நம்மிடம் பேசாமல் சுவரோடு பேசுகிறது.

"எவ்ளோக்குள்ள பாக்குறீங்க சார்?"

"பதினஞ்சாயிரத்துக்குள்ள. ஹாலு சின்னது. பெருசா வாணாம்."

அந்த விலைக்கு என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று, பாரோடு தனியாக ஒரு பேஸ் பெட்டி வருவது. போட்டால் தரை அதிரும். ஜனங்கள் பெரும்பாலும் அதைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். பெட்டியின் ஓட்டைக்கு முன்னால் கையை வைத்து, காற்று வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் முடிந்தது, பில் போடலாம். இன்னொன்று ஒற்றைப் பார், இரண்டு முழம்கூட இருக்காது. பெட்டி கிட்டி எதுவும் கிடையாது. ஆனால் நடுவில் பேச்சுக்கென்றே ஒரு ஸ்பீக்கர், ரிமோட்டில் அதற்கென்று ஒரு பட்டன். அமுக்கினால் பின்னணி எல்லாம் அடங்கி ஆள் குரல் மட்டும் முன்னால் வரும். செய்தி பார்க்கிறவர்களுக்கும் வயசானவர்களுக்கும் நான் அதைத்தான் சொல்வேன், அவர்கள் பேஸ் பெட்டியை வாங்கிப் போவார்கள்.

உலகநாதன் பேஸ் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து ரொம்ப நேரம் நின்றார். "இது கேக்குது" என்றார். ஒற்றைப் பாரைப் போட்டபோது டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அப்புறம், வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். வச்சலா வேண்டாம் என்று சொல்லியிருப்பாள், இனி வரமாட்டார் என்று நினைத்தேன்.

மறுவாரமே வந்தார். ஒற்றைப் பாரை மறுபடி போடச் சொன்னார். போட்டேன். திரையில் ஒரு பெண் செய்தி வாசிக்கிறாள். பேச்சு பட்டனை அமுக்கிவிட்டு, "இப்ப எப்பிடி கீது சார்?" என்றேன்.

"ஆங். இப்போ தெளிவா கீது. அந்தம்மா பேசுறது பளிச்சுனு வருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடை துடைக்கிறவர்கள் பின்னாலிருந்த ஒயரைப் பிடுங்கி விட்டிருந்தார்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கரை நான் அணைத்து வைத்திருந்தேன். பாரில் விளக்கு எரிந்ததே தவிர, சத்தம் துளிகூட வரவில்லை. செய்திக்காரி சும்மா வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். வித்தியாசம் தெரியாமலேயே தலையாட்டுகிற வாடிக்கையாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் இந்த அளவுக்குப் பார்த்ததில்லை.

"சார், அது இன்னும் வாயே தொறக்கல!" என்று கடை அதிரச் சிரித்தேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்தில் இருந்த டிவி அட்டைப்பெட்டிமேல் மெல்ல உட்கார்ந்தார். ஒருத்தரை இப்படி அசிங்கப்படுத்திவிட்டோமே என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"வண்டில வர்றவங்களே கண்டுபுடிக்கல, நீ கண்டுபுட்ச்சிட்டியே" என்றார்.

எந்த வண்டி என்று கேட்டேன். அன்றைக்குக் கடையில் கூட்டம் இல்லை. அவரே சொன்னார்.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். இரும்புத் தகட்டை அழுத்திக் கார்க் கதவாக்குகிற பிரஸ் ஷாப்பில் அவருக்கு இருபத்தாறு வருஷம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் நெஞ்சுக்குள் இடிக்குமாம். கடைசி பத்து வருஷமாக கிரேன். கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, 'டை' என்கிற டன் கணக்கான இரும்பு அச்சுகளைத் தூக்கி மெஷினில் வைக்கிற வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை காது பரிசோதனை வண்டி வரும். கண்ணாடி வைத்த கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். 'கீ' என்று சத்தம் வரும்போதெல்லாம் அமுக்க வேண்டும்.

"கண்ணாடிக்கு அந்தாண்ட அந்த ஆளு ஒக்காந்துகினு சத்தம் குடுப்பான். ஒவ்வொரு வாட்டி குடுக்கும்போதும் அவன் முட்டிக்கை லேசா அசையும். நான் அத்தப் பாத்து அமுக்கிடுவேன். மூணு வருஷமா அப்பிடித்தான். பாஸ், பாஸ், பாஸ்."

"இன்னாத்துக்கு சார் அப்பிடி?"

"காது போச்சுன்னா கிரேன்லேந்து எடுத்துடுவாங்க. பேக்கிங்ல ஒக்கார வெப்பாங்க, இல்லாட்டி பெருக்க வுடுவாங்க. கிரேன்காரன்னா ஒரு மரியாத கீதும்மா."

நான் ஒயரைச் சொருகி, சத்தத்தைக் கூட்டி, நியாயமாக இரண்டையும் போட்டுக் காட்டினேன். அவர் எதையும் முடிவு செய்யாமல் போனார்.

மூன்றாவது முறை அவர் பென் டிரைவோடு வந்தார்.

"இதுல ஒரு வீடியோ கீது. இத்த ரெண்டு பார்லயும் போடு. குரல் எதுல கேக்குதுன்னு பாக்கணும்."

கல்யாண வீடியோவாக இருக்கும் என்று நினைத்தேன். போட்டால் பிரஸ் ஷாப். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, சீரியல் லைட். ஆயுத பூஜை. அன்றைக்கு ஒரு நாள்தான் உள்ளே போனை எடுத்துப்போக விடுவார்களாம். யாரோ ஒருத்தன் அலங்காரத்தை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக்கொண்டே போகிறான். தூரத்தில் ஒரே ஒரு பிரஸ் ஓடுகிற சத்தம், கம்ப்ரஸர் இரைச்சல்.

நான் இன்னும் பாரை இணைக்கக்கூட இல்லை. வெறும் டிவி ஸ்பீக்கரிலேயே அது எனக்குக் கேட்டது. திரையில் தெரியாத ஒரு ஆள், எங்கிருந்தோ, கத்துகிறான். மூன்று தடவை. அப்புறம் படம் தலைகீழாகப் புரண்டு முடிந்துவிட்டது.

"இது இன்னா சார்?"

அவர் சொன்னார். தேவேந்திரன் அவரோடு வேலை செய்தவன். வேடந்தாங்கல் பக்கத்துக்காரன், முப்பத்திநாலு வயது. டையில் சங்கிலி மாட்டிவிட்டு, இறக்கும்போது கையைக் காட்டுகிறது அவன் வேலை. போன ஆயுத பூஜை அன்று, பூஜைக்கு முன்னால் கடைசியாக ஒரு டையை மாற்றிவிடலாம் என்று தூக்கினார்கள். தேவேந்திரன் கை காட்டுகிற இடத்தில் நிற்காமல், சங்கிலி சிக்கியதை எடுக்க டைக்குப் பின்னால் போயிருக்கிறான். உலகநாதன் மேலே கொக்கியைப் பார்த்தபடி பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். டை ஊஞ்சல் மாதிரி நகர்ந்து அவனைத் தூணோடு சேர்த்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டான்.

விசாரணை நடந்தது. பிரஸ் ஷாப் சத்தத்தில் யார் கத்தினாலும் யாருக்கும் கேட்டிருக்காது என்று எழுதி முடித்தார்கள். உலகநாதனின் காது நன்றாக இருக்கிறது என்று பரிசோதனைக் காகிதமும் அதோடு சேர்ந்திருந்தது. அவர் இன்னும் அதே கிரேனைத்தான் ஓட்டுகிறார். கீழே இப்போது வேறு ஆள் கை காட்டுகிறான்.

"பதினாறாம் நாளு அவன் பொஞ்சாதி பரிமளா என்னாண்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. 'கடைசியா எதனா சொன்னாராண்ணா?'ன்னு. ஒண்ணும் சொல்லலம்மா, சத்தமே வரலன்னு சொன்னேன். அது நம்பல. இந்த வீடியோ போன மாசந்தான் எனக்கு வந்துச்சு. இதுல அவன் கத்துறது கேக்குதுன்னு ஒரு பய சொல்றான். எனக்கு மெஷின் சத்தந்தான் கேக்குது. நல்ல பாரா போட்டா தெரிஞ்சுடும் இல்ல? கேக்கலன்னா, அன்னிக்கும் யாருக்கும் கேட்டிருக்காது. அவ்ளோதான். நான் தூங்கலாம்."

ஒற்றைப் பாரை இணைத்தேன். பேச்சு பட்டனை அமுக்கினேன். கம்ப்ரஸர் இரைச்சல் அப்படியே அடங்கியது. தேவேந்திரனின் குரல் கடைக்குள் வந்து நின்றது.

அப்போதுதான் கவனித்தேன். உலகநாதன் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசோதனை வண்டிக்காரனின் முட்டிக்கையைப் பார்த்த அதே மாதிரி.

நான் எதையும் மறைக்கத் தெரியாதவள். கோபம் வந்தால் மூக்கு சிவக்கும், சிரிப்பு வந்தால் பல் முப்பத்திரண்டும் தெரியும். அந்த நிமிஷம் என் முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொண்டேன். முதல் கத்தலுக்கு அசையவில்லை. இரண்டாவதுக்கு அசையவில்லை. மூன்றாவதுக்கு ரிமோட்டைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

"கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல சார். மெஷின் சத்தந்தான்."

"நல்லா கேட்டியா? நீ கடக்கரைக்காரி. தூரத்துக் குரலு உனக்குத் தெரியும்."

"ஒண்ணுமில்ல சார்."

அவர் கண் கலங்கிவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்பா வயசு மனுஷன், ஒரு வருஷமாகத் தூங்காதவர். பாவம், இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, செத்தவன் வரப்போகிறானா என்று நினைத்தேன். நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஒற்றைப் பாரையே எடுத்துக்கொண்டார். பில் போட்டு, வாரண்டி அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"ஞாயித்துக்கெழம பரிமளாவ வூட்டுக்கு வரச் சொல்றேன். இதே பார்ல போட்டுக் காட்டிடுறேன். பாவம், அதுக்கும் மனசு ஆறட்டும்."

வாய் திறந்தேன். அதற்குள் ஃபிரிட்ஜ் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "வரேன்" என்று போனேன். திரும்பி வந்தபோது அவர் ரோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. பில் புத்தகத்தில் அவருடைய போன் நம்பர் இருந்தது. அதை என் போனில் நாலு நாளும் அடித்துப் பார்த்தேன், ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. என்னவென்று சொல்வது? அவருக்குப் போனில் கேட்குமா, வச்சலா எடுத்தால் என்ன பேசுவது என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். பயம், வேறு ஒன்றும் இல்லை.

அந்த நாலு நாளும் தேவேந்திரன் என்னை விடவில்லை. திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் கண்டக்டர் விசிலுக்கு நடுவில் அவன் கத்தினான். குப்பத்தில் படகு கரையேறும்போது ஆம்பளைகள் ஒருத்தருக்கொருத்தர் கூவுவார்கள். பிறந்ததிலிருந்து கேட்கிற கூவல்தான், இப்போது ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையில் அதே ஒற்றைப் பாரை யாராவது கேட்டால், பேச்சு பட்டனைத் தொடாமலே பேஸ் பெட்டியை விற்று அனுப்பினேன். டிவியில் செய்திக்காரி வாயைத் திறக்கும்போதெல்லாம் அவன் குரல்தான் வரப்போகிறது என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உலகநாதன் வந்தார். கையில் எதுவும் இல்லை. பாரைப் பற்றிப் புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று ஓடிப்போய் நின்ற மேனேஜர், முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

"உன் மூஞ்சி நல்லா நடிச்சுதும்மா" என்றார் என்னிடம். திட்டுகிற மாதிரி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பரிமளாவை நாற்காலியில் உட்கார வைத்து, காபி கொடுத்து, வீடியோவைப் போட்டிருக்கிறார். பேச்சு பட்டனையும் அமுக்கியிருக்கிறார். அவருக்கு மெஷின் சத்தம்தான். சிரித்த முகத்தோடு திரும்பிப் பார்த்தால், பரிமளா எழுந்து நிற்கிறாள். அப்புறம் போய் டிவியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டாள். வச்சலா வாயைப் பொத்திக்கொண்டாள். பரிமளா ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து வச்சலாவும் பேசவில்லை.

"ரெண்டு பேரு மூஞ்சியும் பாத்தேன். கத்திருக்கான். இன்னா கத்தினான்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. நீ சொல்லு."

"அண்ணா, என்ன மன்னிச்சுடுங்க. நான் வந்து..."

"மன்னிப்புலாம் அப்பால. இன்னா கத்தினான்?"

"உலகண்ணாத்த, நிறுத்துன்னு."

அவர் என் உதட்டையே பார்த்தபடி அதை வாங்கிக்கொண்டார். பிறகு ஷோரூமின் நீளத்தைக் கண்ணால் அளந்தார்.

"எனக்கும் அவனுக்கும் இருவதடி இருந்துச்சு. நான் அந்த ஏசி வெச்சிருக்குற செவுத்தப் பாத்துகினு நிக்கிறேன். நீ இங்கயே நில்லு. அவன் கத்துன மாதிரியே கத்து. எத்தினி வாட்டி கத்தினானோ அத்தினி வாட்டி. கேக்கும்னா கேக்கட்டும், நான் தெரிஞ்சுக்கணும்."

"கடையிலயா?"

"உன் தொண்ட எனக்குக் கேக்கும்மா. உன்னோடதுதான் எனக்குக் கேட்டுகினு கீது."

போனார். வாங்கப்போகிறவர் மாதிரி ஏசிகளுக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டி நின்றார். முதுகெலும்பு சட்டைக்குமேல் தெரிந்தது. கடையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, வேண்டாம் என்றார். நான் மூச்சை இழுத்தேன்.

"உலகண்ணாத்த! நிறுத்து!"

கடையே திரும்பியது. மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த அம்மா கையிலிருந்த மூடியைக் கீழே போட்டாள். அவர் திரும்பவில்லை.

"உலகண்ணாத்த! நிறுத்து!"

வாசலில் ஆட்டோக்காரர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அவர் தலைகூட அசையவில்லை. என் குரல் அவருக்குக் கேட்கிறது என்று இத்தனை நாள் நான் பட்ட பெருமை எல்லாம் அந்த முதுகில் மோதித் திரும்பி வந்தது. அவர் ஒரு நாளும் என் குரலைக் கேட்டதில்லை. என் வாயைத்தான் பார்த்திருக்கிறார்.

மூன்றாவது தடவை நான் கத்தியது நடிப்பு இல்லை. அலையில் ஆள் விழுந்தால் கரையிலிருந்து கத்துவோமே, அந்தக் கத்தல். தொண்டை கிழிந்தது. ரோட்டில் போன ஒரு பஸ் டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அவர் ஏசி சுவரைப் பார்த்தபடியே நின்றார். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே காத்திருந்தார். அப்புறம் திரும்பாமலே, பொறுமையாகக் கேட்டார்.

"இன்னாம்மா, கத்தப் போறியா இல்லியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நடந்து போய் அவர் முன்னால் நின்றேன். என் முகத்தை இந்தத் தடவை மறைக்கவில்லை. மூன்று விரலைக் காட்டினேன்.

அவர் விரல்களைப் பார்த்தார். பின்னால் திரும்பி, தன்னையே பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்தார். மூடியைப் போட்ட அம்மா, ஆட்டோக்காரர்கள், மேனேஜர். எல்லாருக்கும் கேட்டிருக்கிறது என்று அந்த முகங்களிலிருந்து படித்துக்கொண்டார்.

"மூணு வாட்டி" என்றார். "நேரம் இருந்திருக்குது."

நான் அழுதேன். அவர் அழவில்லை. சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, என் தோளை ஒரு தடவை தட்டினார்.

"நாளைக்கு டெஸ்ட்டு வண்டி வருதும்மா. இந்த வாட்டி கண்ண மூடிக்கினு ஒக்காரப் போறேன்."